சேனை பூத்த மூலை

மலேசியாவின் ஜொகூரில் வசந்தம் என்று தனியாக ஒரு காலம் கிடையாது. ஆண்டுக் கடைசியில் அடித்து ஊற்றும் மழை பொங்கலை ஒட்டி ஓயும். சீனப் பெருநாள் கழிந்து சில வாரங்கள் மண் வெடிக்கும் அளவுக்குக் காயும். பிறகு ஒரு நாள் பிற்பகலில், யாரும் எதிர்பார்க்காதபோது, முதல் மழை விழும். என் தோட்டத்தில் மறந்துபோனவை எழுந்து வருவது அந்த மழைக்குப் பிறகுதான். எப்போது நட்டேன் என்று எனக்கே தெரியாத மழை லில்லிகள் வேலி ஓரத்தில் வரிசை தப்பிப் பூக்கும். பொங்கல் பானையில் கட்டிய மஞ்சள் கிழங்கை எங்கே செருகினேன் என்று மறந்திருப்பேன். செம்பருத்தியின் காலடியிலிருந்து அது சுருட்டிய இலையை நீட்டும்.

நான் ஒழுங்குக்காரி. செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருபது ஆண்டுக்கும் மேலாக வேலை. என் தொட்டிகள் ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய பட்டை உண்டு. இரவு படுக்கும் முன் அன்றைய வெயிலையும் மழையையும் துளிர்த்ததையும் பட்டதையும் எழுதாமல் இருந்ததில்லை. ஆனால் மண்ணுக்கு அடியில் உறங்குகிறவை மட்டும் என் ஒழுங்குக்கு வந்ததே இல்லை. அந்த ஒன்றில் மட்டும் எனக்கு ஏமாறப் பிடிக்கும்.

நான் இருப்பது வாடகை வீடு. மூலை வீடு என்பதால் பக்கவாட்டில் நீளமாக ஒரு துண்டு மண் இருந்தது. அதற்காகத்தான் அந்த வீட்டை எடுத்தேன். எங்கள் தாமான் குடியிருப்பில் மற்ற வீடுகளெல்லாம் இரு பக்கமும் சுவர் ஒட்டியவை. வாசலில் கார் நிற்கும் சிமெண்டுத் தரையைத் தவிர வேறு தரை கிடையாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். அந்த ஆண்டு மார்ச் கடைசியில் அது முடிய இருந்தது. வீட்டுக்காரம்மா வயதான சீனப் பெண்மணி. நான் அவரை ஆன்ட்டி என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார், இங்கே சீனர்கள் தமிழ்ப் பெண்களைக் கூப்பிடுகிற வழக்கப்படி. சிங்கப்பூரில் இருக்கும் மகன் வீட்டை விற்றுவிடச் சொல்லி நெருக்குகிறான் என்று பெருநாளின்போதே சொல்லியிருந்தார். நான் வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பதால்தான் யோசிப்பதாகவும் சொன்னார். அதனால் அந்த மாதம் முழுவதும் நான் மூச்சைக்கூட அடக்கி விட்டேன் என்றே சொல்லலாம். புல் வெட்டினேன், சாக்கடையைத் தேய்த்துக் கழுவினேன். அவர் கண்ணில் உறுத்துகிற எதுவும் இருக்கக் கூடாது. அந்த மண் என்னிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் மழை பெய்து சில நாளில், பின்மூலையில் செரை என்கிற எலுமிச்சைப்புல் புதருக்குப் பக்கத்தில், ஊதாவும் பழுப்பும் கலந்த ஒரு கூர்முனை மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தது. இலை இல்லை, தண்டு இல்லை. என்னவென்று எனக்கும் பிடிபடவில்லை. ஒரு வாரத்துக்குள் அது விரிந்தது. பச்சை ஈரலின் நிறத்தில் மடிப்பு மடிப்பாக ஒரு பாவாடை. நடுவில் குழந்தைத் தலை அளவுக்கு, சுருக்கம் விழுந்த ஒரு கருத்த உருண்டை. விரிந்த அன்று சாயங்காலம் நாற்றம் கிளம்பியது.

முதலில் வந்தவர் எதிர்வீட்டு அக்கா. புடவை முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தார்.

“ஏம்மா, உன் வீட்டுல எலி ஏதும் செத்துக் கெடக்கா? சோறு எறங்கல லா.”

“சாக்கடையில பாத்துட்டேன் அக்கா. ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லாமயா இப்படி நாறும்? தள்ளு, நான் பாக்கறேன்.”

ஈ மொய்க்கும் பக்கமாகப் போனவர் செரைப் புதரை விலக்கினார். நின்றார். மூக்கிலிருந்து முந்தானை நழுவியது. காலில் இருந்த சிலிப்பரைக் கழற்றித் தூர வைத்தார்.

“ஆத்தா!” என்றார்.

அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது. நாலைந்து ஆண்டுக்கு முன் அங்கே ஒரு துண்டு சேனைக்கிழங்கை ஊன்றியிருந்தேன். முதல் இரண்டு ஆண்டு குடை போல இலை விரித்தது. பிறகு செரை அடர்ந்து மூடிவிட்டது. கிழங்கை எலி தின்றிருக்கும் என்று விட்டுவிட்டேன். அது அடியில் பருத்துக்கொண்டே இருந்திருக்கிறது. சேனை பூக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன், பார்த்ததில்லை.

“அக்கா, இது சேனைப் பூ,” என்றேன்.

“சேனையாவது பூக்கறதாவது. எத்தன சேனை வாங்கி ஆக்கியிருக்கேன், ஒரு பூவ பாத்திருக்கேனா? மண்ணப் பொளந்துக்கிட்டு வந்திருக்கா. நாகம் காவல் இருக்கும்மா. அதான் இந்த வாடை.”

மறுநாள் நான் வேலை முடிந்து தொழிற்சாலை பஸ்ஸை விட்டு இறங்கியபோது வேலி ஓரத்தில் மோட்டார் சைக்கிள்கள் நின்றன. அக்கா எடுத்த படம் வாட்சாப்பில் போய்விட்டது. பூவைச் சுற்றி மஞ்சள் துணி கட்டியிருந்தது. குங்குமம், எலுமிச்சை, ஊதுபத்தி, பால் பாக்கெட். என்னைக் கேட்காமல் வரவில்லை. “கொஞ்சம் பூ வச்சுக்கறோம்மா,” என்று காலையிலேயே கேட்டார்கள், வெளிக்கதவைப் பூட்டாமல் விட்டுப் போனேன். அப்படிக் கேட்கிறவரிடம் வேண்டாம் என்று சொல்ல நம்மில் யாருக்கும் வாய் வராது. அடுத்த தாமானிலிருந்து வந்த ஓர் ஆள் குழந்தைப் பவுடர் டப்பாவுடன் முட்டி போட்டு உட்கார்ந்து அந்த உருண்டையின் மேல் பவுடர் தடவிக்கொண்டிருந்தார். சுருக்கங்களில் லாட்டரிக்கான நாலு நம்பர் தெரியுமாம்.

“தெரியுதாண்ணே?” என்று ஒருவர் கேட்டார்.

“மூணு தெரியுது. நாலாவது மட்டும் முகம் காட்ட மாட்டேங்கறா.”

இரண்டாம் நாள் நாற்றம் நின்றது. சேனைப் பூவின் இயல்பு அது. “ஆத்தா கோவம் தணிஞ்சிட்டா,” என்றார் அக்கா. அதற்குப் பிறகு கூட்டம் இன்னும் கூடியது. இன்னும் சில நாளில் பூ தானே வாடி விழும், எல்லாம் முடிந்துவிடும் என்று நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அன்று மாலை அக்காவின் புருஷனும் இன்னும் இருவரும் நாலு கட்டையும் இரண்டு தகரமும் கொண்டுவந்து வேலிக்குள் சாத்தினார்கள். ஆத்தா மழையில் நனையக் கூடாதாம்.

வீட்டுக்காரம்மா வந்தது அதற்கு மறுநாள். யார் சொன்னார்களோ தெரியாது. காரை விட்டு இறங்கி, மஞ்சள் துணியைப் பார்த்து, தகரத்தைப் பார்த்து, கடைசியில் என்னைப் பார்த்தார்.

“தாக் போலே, தங்கச்சி,” என்றார். முடியாது என்று அர்த்தம். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மலாயில் மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்று பேசினார்.

“இது உங்க சாமியா வேற யாரு சாமியா, எனக்குத் தெரியாது. நானும் கும்பிடறவதான். அதனாலதான் சொல்றேன். ஒரு எடத்துல கும்பிட ஆரம்பிச்சிட்டா அப்புறம் அந்த எடத்த யாரும் தொட முடியாது. நாளைக்கு என் மகன் வீட்ட எப்படி விப்பான்? மாசக் கடைசிக்குள்ள இது இங்க இருக்கக் கூடாது. இருந்தா, நீயும் இருக்க முடியாது.”

“இது கிழங்கு, ஆன்ட்டி. சமைக்கிற கிழங்கு.”

“எனக்கு நீ சொல்ல வேணாம். அவங்ககிட்ட சொல்லு.”

சனிக்கிழமை காலையில் சங்கோல் எடுத்தேன். மண்வெட்டிக்கு இங்கே அதுதான் பெயர். மஞ்சள் துணியை அவிழ்த்து மடித்து வேலி மேல் போட்டேன். முதல் வெட்டு விழுவதற்குள் அக்கா வந்துவிட்டார். பின்னால் நாலைந்து பேர்.

“ஏம்மா, என்னா பண்ற?”

“தோண்டறேன் அக்கா.”

“ஆத்தாவையா?”

“சேனைய. நீங்க குடுத்ததுதான். புரட்டாசி விரதத்துக்கு வாங்கி மிஞ்சினத தாள்ல சுத்திக் கொண்டாந்தீங்க. நாக்கு அரிக்குது, எங்கயாச்சும் ஊனி வைன்னு சொன்னீங்க. ஞாபகம் இல்லயா?”

அக்கா யோசித்தார். நினைவு வந்தது முகத்தில் நன்றாகத் தெரிந்தது. அந்த ஒரு நிமிடம், எல்லாம் முடிந்தது, இனி சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு பக்கம் போய்விடுவோம் என்று நம்பினேன். அவர் என்னைப் பார்க்காமல் பின்னால் நின்றவர்கள் பக்கம் திரும்பினார்.

“கேட்டீங்களா? என் கையாலதான் வந்திருக்கா! எத்தனயோ வீடு இருக்க, என் கையில ஏறி வந்திருக்கா!”

“அக்கா, உங்க வீட்டு நம்பர் என்னா?” என்று கேட்டார் பவுடர்காரர்.

நான் வெட்டினேன். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. பிடித்தால் பாவம் தங்கள் மேல் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்திருக்கலாம். மண் ஈரமாக இருந்தது, சுலபமாக வந்தது. பூசணிக்காய் அளவுக்குக் கிழங்கு, சுற்றிலும் சிறு குமிழ்கள். இரு கையாலும் தூக்கி எடுத்துத் தரையில் வைத்தேன். பூ ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

“புள்ள குட்டி இல்லாதவ,” என்றார் அக்கா. சத்தம் போடவில்லை. “வந்து நின்னவளயும் வெரட்டிட்டா.”

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி அந்தத் தெருவில் யாரும் என் முகத்துக்கு நேராக அதுவரை பேசியதில்லை. பத்து ஆண்டாக என்ன நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கிழங்கை வெட்டிப் பார்த்தேன். உள்ளே நீர் கோத்துச் சவசவவென்று இருந்தது. இருந்த சத்தெல்லாம் பூவுக்குப் போயிருந்தது. குப்பைத் தொட்டியில் போட்டேன். மாலையில் பார்த்தபோது தொட்டியில் அது இல்லை. யார் எடுத்துப் போனார்களோ.

அடுத்த வாரம் அக்காவின் புருஷன் பசார் மாலாம் இரவுச் சந்தையில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சித்திரைப் புத்தாண்டுக்கு எந்த வீட்டிலிருந்தும் எனக்குப் பலகாரத் தட்டு வரவில்லை. நான் கொண்டுபோன பாயாசத்தை அக்காவின் மகள் கேட்டுக்கு உள்ளே நின்றபடியே, “அம்மா தூங்கறாங்க ஆன்ட்டி,” என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். உள்ளே அக்கா தொலைக்காட்சி பார்த்துச் சிரிப்பது தெருவரை கேட்டது.

ஆனால் வீடு எனக்குக் கிடைத்தது. மார்ச் கடைசியிலேயே வீட்டுக்காரம்மா ஒப்பந்தத்தோடு வந்திருந்தார். வாடகையைக்கூட ஏற்றவில்லை. பேனாவை என் கையில் கொடுத்துவிட்டு, பக்கவாட்டு மண்ணுக்குச் சிமெண்டு போடப் போவதாகச் சொன்னார்.

“முழுசாவா ஆன்ட்டி?”

“முழுசாத்தான். மகன் விக்கணும்னுதான் நின்னான். உனக்காக நான் சண்ட போட்டேன். சிமெண்டு போட்டா சரின்னான்.”

“பாதி விடுங்க. வேலி ஓரம் மட்டும். நான் பாத்துக்கறேன்.”

அவர் என் முழங்கையைத் தொட்டார். “மண்ணு இருந்தா ஏதாச்சும் வந்துக்கிட்டேதான் இருக்கும், தங்கச்சி.”

உண்மைதான். அதற்காகத்தான் நான் அங்கே குடியிருந்தேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் எனக்கு நல்லதுதான் செய்திருந்தார். வெளியேறினாலும் மண் இல்லாத ஒரு வீட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும். கையெழுத்துப் போட்டேன்.

வேலையாட்கள் வருவதற்கு முன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் தொட்டிக்கு மாற்றினேன். செம்பருத்தி தாங்கவில்லை, ஒரே வாரத்தில் காய்ந்தது. கறிவேப்பிலை மரத்தைத் தொட்டியில் வைக்க முடியாது, வெட்டினார்கள். உறங்குகிறவற்றைத் தேடிக் கையால் மண்ணைக் கிளறினேன். சில லில்லிக் கிழங்குகள் அகப்பட்டன, ஒரு விரல் மஞ்சள் அகப்பட்டது. மற்றவை எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனை என்றும் தெரியவில்லை. வங்காளதேசத்துப் பையன்கள் மண்ணை மட்டம் தட்டி, பிளாஸ்டிக் விரித்து, கம்பி வலை போட்டு, ஒரே பகலில் ஊற்றி முடித்தார்கள். சிமெண்டைப் பிளந்துகொண்டு செடி வரும் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அவர்கள் சரியாகப் போட்ட சிமெண்டைப் பார்த்ததில்லை. இது நன்றாகவே போட்ட சிமெண்டு. இதுவரை ஒரு கீறல்கூட விழவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள் எதிர்வீட்டு அக்கா என் கேட்டுக்கு வந்து நின்றார்.

“ஏம்மா, நல்லா இருக்கியா?” என்றார். மார்ச்சுக்குப் பிறகு என்னிடம் அவர் பேசியது அதுதான் முதல் முறை. உள்ளே வாங்க என்று சொல்ல வாயெடுத்தேன்.

“மருமகன் புதுக் காடி எடுத்திருக்கான். ரோட்டுல நிறுத்தினா சமன் ஒட்டி அபராதம் போடறாங்க லா. உங்கிட்டதான் காடி இல்லயே. சிமெண்டு போட்ட அந்தப் பக்கம் சும்மாதானே கெடக்கு?”

“நான் வாடகைக்கு இருக்கறவ அக்கா. வீட்டுக்காரம்மாவக் கேளுங்க.”

“கேட்டாச்சு. அவங்களுக்குச் சரியாம். உங்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லிடச் சொன்னாங்க.”

கேட்டின் மாற்றுச் சாவியை எடுத்துவந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். காரின் கதவு திறக்க இடம் பற்றாது, தொட்டிகளைக் கொஞ்சம் சுவர் ஓரமாகத் தள்ளி வைத்தால் நன்றாக இருக்கும் என்றார். தள்ளி வைத்தேன்.