பல்லடத்துக்குத் தெற்கே தம்பியுடன் ஆறு நாள்

வெள்ளிக்கிழமை காலை ஏழேகால் மணிக்குக் கோயமுத்தூர் ஸ்டேஷனில் இறங்கினோம். முந்தின நாள் மத்தியானம் கும்பகோணத்தில் ஏறி, திருச்சியில் ஒரு தரம், ஈரோட்டில் ஒரு தரம் வண்டி மாறி வந்ததில் இடுப்பு கழன்றுவிட்டது. 1964ஆம் வருஷம், மாசி மாதம். எங்கள் ஊரில் வெயில் தொடங்கிவிட்டது. இங்கே பிளாட்பாரத்தில் போர்ட்டர்கள் மப்ளர் சுற்றிக்கொண்டு நின்றார்கள். குழாயில் சிறுவாணித் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன். இத்தனை வருஷமாகக் காவேரியைப் பற்றி நான் அடித்த பெருமையில் கொஞ்சத்தை அந்த இடத்திலேயே திரும்ப வாங்கிக்கொண்டேன்.

இந்த ஊருக்கு வருகிறவர்கள் மில்லில் வேலை தேடி வருவார்கள், பம்புசெட் வாங்க வருவார்கள், இல்லாவிட்டால் ஊட்டிக்குப் போகிற வழியில் இட்லி தின்ன இறங்குவார்கள். நான் என் தம்பி சம்பந்தத்துக்கு வைத்தியம் தேடி வந்தேன். அவன் பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்தவன். கிழக்கு எல்லையில் சீனாக்காரனோடு நடந்த சண்டையிலிருந்து உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பியவன். ஊரே மாலை போட்டது. ஆனால் கதவு படாரென்று சாத்தினால் அவன் சுவரோரம் குந்திவிடுவான். சாப்பிடும்போது முதுகைச் சுவருக்குக் கொடுத்துத்தான் உட்காருவான்.

போன தீபாவளியன்று பக்கத்து வீட்டில் ஒரு வெடி வெடித்தது. வாசலில் நின்றிருந்த தன் மகள் மீனாவைக் காப்பாற்றுகிறேன் என்று அவள்மேல் பாய்ந்து தரையோடு அழுத்திவிட்டான். குழந்தைக்கு நாலு வயது. இடது கை முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டு ஆறு வாரத்தில் கை சேர்ந்தது. அவன்தான் சேரவில்லை. அன்றிலிருந்து மீனாவைத் தொடவே மாட்டேன் என்று, அவளையும் அவள் அம்மாவையும் புதுக்கோட்டையில் மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். "நான் பக்கத்துல இருந்தா அதுக்கு ஆபத்துக்கா" என்றான். உறவுக்காரர்கள் மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். ஒரு பெரியப்பா மனநோய் ஆஸ்பத்திரியில் விட்டுவிடலாம் என்று சாவகாசமாக யோசனை சொல்லிவிட்டு இரண்டாம் காப்பி கேட்டார். எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அவன் அந்தக் குழந்தையை மறுபடி தூக்க வேண்டும்.

என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தி கொடுத்த டாக்டர் விலாசத்தைக் காட்டி, ஸ்டேஷன் வாசலில் எட்டணாவுக்கு ஜட்கா பேசினேன். வண்டிக்காரர் கோட்டைமேட்டுக்காரர், வெள்ளைத் தாடி, தலையில் தொப்பி. பாதி வழியில் ஒரு மில் சங்கு ஊதியது. இந்த ஊரில் மணி பார்க்கவே கடிகாரம் வேண்டாம், சங்கு போதும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சம்பந்தம் வண்டிக்குள் தலையைப் பொத்திக்கொண்டு கவிழ்ந்துவிட்டான். நான் பதறிப்போய் அவன் தோளைப் பிடித்தேன். வண்டிக்காரர் குதிரையை ஓரமாக நிறுத்தி, இறங்கி வந்து சக்கரத்துப் பக்கம் நின்றுகொண்டார். தெருவில் போகிறவர்கள் கண்ணுக்குத் தம்பி படாதபடி மறைத்து நின்றார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

"சங்குதானுங்க. மில்லுல ஆள் மாத்தறாங்க. நின்னுபோடுமுங்க" என்றார் அவனிடம். பிறகு என்னிடம், "அவசரமில்லீங்கம்மா. அவரு எந்திரிக்கறப்ப போலாமுங்க" என்றார்.

பத்து நிமிஷம் நின்றோம். கூடுதலாக நான் நீட்டிய நாலணாவை வாங்கவில்லை. எங்கள் ஊராக இருந்தால் இதற்குள் நாற்பது பேர் கூடி, நாற்பது காரணம் சொல்லியிருப்பார்கள்.

டாக்டர் தன் பேரை எங்கும் எழுதக்கூடாது என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. பர்மா சண்டையில் பட்டாளத்து டாக்டராக இருந்தவர், அறுபது வயதிருக்கும். தம்பியிடம் ஒன்றரை மணி நேரம் தனியாகப் பேசினார். பட்டாளத்திலிருந்து வந்து பதினைந்து மாதத்தில் அவன் யாரிடமும் கால் மணி நேரம் பேசியதில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பயித்தியமில்லீங்க அம்மணி. மொதல்ல அந்த வார்த்தைய ஊட்டுல யாரும் சொல்லாம பாத்துக்கங்க. சண்டையில சத்தம் கேட்டா உழுந்து படுத்தவன்தான் பொழச்சான். அதை இவரு ஒடம்பு நல்லாக் கத்துக்கிச்சு. இப்ப மறக்கமாட்டேங்குது, அவ்வளவுதானுங்க."

"மருந்து இருக்கா டாக்டர்?"

"தூக்கத்துக்கு மாத்திரை தாரேன். மிச்சத்துக்குப் பல்லடத்துக்குத் தெக்கால என்ற பட்டாளத்துச் சினேகிதரு நாயுடு தோட்டத்துக்குப் போங்க. இன்னிக்கே பஸ்ஸுல லெட்டரு குடுத்தனுப்பறனுங்க."

இப்படித்தான் மறுநாள் சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குத் தாராபுரம் பஸ்ஸில் உட்கார்ந்தோம். கோயமுத்தூரிலிருந்து பல்லடம் இருபத்திரண்டு மைல். அதைத் தாண்டித் தெற்கே ஒன்பது மைலில் எங்களை இறக்கிவிட்டார்கள். இரண்டு டிக்கெட்டும் சேர்ந்து இரண்டு ரூபாய் முப்பது பைசா. வழியெல்லாம் செம்மண், பனை, கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடு. ஆறு கிடையாது, வாய்க்கால் கிடையாது. தண்ணீர் வேண்டுமென்றால் பாறையை உடைத்துக் கீழே போக வேண்டும். மதகைத் திறந்துவிட்டால் தண்ணீர் வருகிற தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரியான எனக்கு இவர்கள் பிடிவாதத்தைப் பார்க்க வெட்கமாகவே இருந்தது.

ரங்கசாமி நாயுடு ரோட்டிலேயே சவாரி வண்டியோடு காத்திருந்தார். ஐம்பது வயது, இரும்புக் கம்பி உடம்பு. பர்மாவில் பட்டாளத்து லாரி ஓட்டியவர். திரும்பி வந்து இரண்டு வருஷம் வீட்டுக்குள் படுக்காமல் களத்துமேட்டில் படுத்துக் கிடந்தவராம். அதை அவரே, ஒரு பழைய காய்ச்சலைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். வீட்டுக்குள் அவர்கள் தெலுங்கு பேசிக்கொள்கிறார்கள். எங்களிடம் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' வைத்துத் தமிழ் பேசினார்கள். அவர் மனைவி ராஜம்மாள் அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சோற்றில் நெய்யை ஊற்றிவிட்டு, போதும் என்று நான் கையை மறித்ததைக் கவனிக்காத மாதிரி இன்னொரு கரண்டி ஊற்றினார். காப்பியைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லமாட்டேன். கருப்பட்டி போட்டதற்குக் காப்பி என்று பேர் வைப்பது அவர்கள் இஷ்டம்.

தோட்டத்தில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். அறுபதடி போயும் தண்ணீர் காணோம். பாறையில் துளை போட்டு, வெடிமருந்தைத் திணித்து, திரி வைத்துத் தகர்த்துத்தான் கீழே இறங்க வேண்டும். சத்தத்துக்குப் பயந்தவனை வெடி வைக்கிற இடத்துக்கா அனுப்பினார் அந்த டாக்டர்? ஆனால் சனிக்கிழமை வெடி இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. வேலையாட்கள் வேப்பமரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

தம்பிக்குத்தான் நிம்மதி இல்லை. போன அன்றே கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டான். துளை போட்டு, துணி அடைத்து, மருந்துக்குத் தயாராக இருந்ததை அவன் கண் விடவில்லை. "எப்பங்க வெடி?" என்று நாயுடுவிடம் கேட்டான்.

"இன்னிக்கில்லீங்க. நீங்க ஒண்ணும் நெனைக்காம சாப்புடுங்க."

ஞாயிற்றுக்கிழமை நாலு தரம் கேட்டான். நாலு தரமும் அதே பதில், அதே சிரிப்பு. திங்கள்கிழமை காலையில் சோற்றைத் தொடவில்லை. கிணற்றைப் பார்த்தபடியே சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான், நெற்றியெல்லாம் வியர்வை. ஊரில் இருந்ததைவிட மோசம். ராஜம்மாளிடம் போய், நாளைக்கே கிளம்புகிறோம் என்று சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன்.

ராஜம்மாள் நாயுடுவைக் கூப்பிட்டார்; அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. டாக்டர் கடிதத்தில் எழுதியிருந்தது இதுதான்: வெடியை நிறுத்த வேண்டாம், ஒவ்வொன்றையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வையுங்கள். நாயுடு அதைப் படித்தார், மடித்தார், வேலையை நிறுத்திவிட்டார்.

"ஒறம்பரை வந்திருக்கறப்ப வெடி வெக்கறதாங்க? நாளைக்கு நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்றார், விருந்தாளிக்குக் குறை வைத்துவிட்டவர்போலக் கூசிப்போய். ஆட்களுக்கு மூன்று நாளாகச் சும்மா கூலி; பருத்தி வாடிக்கொண்டிருந்தது; அதைப் பற்றியெல்லாம் எங்களிடம் மூச்சு விடவில்லை. இப்படி ஒரு தப்பை இந்தக் கொங்குச் சீமைக்காரர்களால்தான் செய்ய முடியும். கோபம் வரவேண்டிய நேரத்தில் எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

நாயுடு எழுந்து தம்பியிடம் போனார். "தப்பு செஞ்சுபோட்டனுங்க. என்றகிட்ட யாராச்சும் இப்படிச் செஞ்சிருந்தா நானே கோவிச்சிருப்பேன். நீங்களே சொல்லுங்க, எப்ப வெக்கலாமுங்க?"

சம்பந்தம் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான். பிறகு, "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு" என்றான். அன்று ராத்திரி மாத்திரை போடாமல் தூங்கினான்.

செவ்வாய்க்கிழமை ஒன்பதரை மணி. வெடி வைப்பதற்கு இங்கே ஒரு முறை இருக்கிறது. ஓர் ஆள் சுற்றிலும் உள்ள தோட்டங்களுக்குப் போய், வெடி வைக்கப்போவதாக ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கூவ வேண்டும். உள்ளேயிருந்து "ஆச்சுங்க" என்று பதில் வருகிறவரை அடுத்த வீட்டுக்கு நகரக்கூடாது. ஒரு வீடு பதில் சொல்லாவிட்டாலும் திரி பற்றவைக்க மாட்டார்கள். அன்றைக்கு அந்த வேலையை நாயுடு தம்பியிடம் கொடுத்தார்.

அவனும் போனான். பட்டாளத்துக் குரலில், "வெடி! எல்லாரும் உள்ள போ!" என்று முதல் வீட்டில் கத்தினான். பதிலே இல்லை. என்னோடு அவன் பின்னால் வந்த வெடி மேஸ்திரி பழனி சிரித்துவிட்டார்.

"மருவாதியில்லாமக் கூப்புட்டா எப்படிங்க பதில் வரும்? 'வெடி வெக்கறமுங்கோ'ன்னு சொல்லோணுமுங்க."

தம்பி முகத்தில் சிரிப்பு வந்தது. நான் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்றோ! "வெடி வெக்கறமுங்கோ!" என்று இழுத்தான். "ஆச்சுங்கோ!" என்று ஐந்து வீடுகளிலிருந்தும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதில் வந்தது. திரி எத்தனை அடி, எரிய எவ்வளவு நேரம் என்று பழனியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு கடைசி உத்தரவை அவனே கொடுத்தான். பழனி பற்றவைத்துவிட்டு மேலே ஏறி ஓடிவந்தார்.

நாங்களெல்லாரும் மாட்டுக் கொட்டகையின் கற்சுவருக்குப் பின்னால் ஒதுங்கினோம். இந்தத் தோட்டங்களில் வெடிக் குரல் கேட்டால் குழந்தைகள் பக்கத்தில் நிற்கிற பெரியவர் யாரோ அவரிடம் ஓட வேண்டும். அவர் தூக்கிக் காதைப் பொத்த வேண்டும். அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். நாயுடுவின் பேத்தி ஜானகி, ஐந்து வயது, வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தாள். பக்கத்தில் நின்றது சம்பந்தம். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவன் முன்னால் நின்றாள்.

அவன் பின்னால் ஓரடி வைத்தான். முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்தான். நான் போய் அந்தக் குழந்தையை வாங்கிக்கொண்டிருக்கலாம். எனக்கும் அவளுக்கும் பத்தடிதான். என் கால் நகரவில்லை. பயத்தில் நகரவில்லையா, வேண்டுமென்றே நகரவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"தூக்குங்க மாமா, வெடி வந்துபோடும்" என்றாள் ஜானகி.

தூக்கினான். சுவரில் முதுகைச் சாய்த்து, அவள் தலையை மார்போடு சேர்த்து, காதைப் பொத்தினான். உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தான். வெடித்தது. தரை அதிர்ந்தது, கொட்டகை ஓட்டின்மேல் சரளைக் கல் விழுந்தது. அவன் உடம்பு முழுக்க ஒரு தரம் உதறியது. குழந்தை மட்டும் அவன் கையில் அப்படியே இருந்தது.

"ஆச்சுங்களா?" என்று அவன் உள்ளங்கையை விலக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஆச்சும்மா" என்றான். கன்னமெல்லாம் கண்ணீர். நாயுடு தலைப்பாகையை அவிழ்த்து அவன் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காதவர்போலக் கிணற்றைப் பார்க்கப் போனார். தண்ணீர் வரவில்லை. கல்தான் வந்தது. சாயங்காலம் இன்னொரு வெடி வைத்தார்கள். அதற்கும் அவன்தான் கூவினான்.

புதன்கிழமை காலை நான் மட்டும் கிளம்பினேன். தண்ணீர் காண்கிறவரை தம்பி இருக்கட்டும் என்று நாயுடு சொல்லிவிட்டார். முழுக்கக் குணமாகிவிட்டான் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அது பொய். அன்று காலையிலும் ராஜம்மாள் கை தவறிப் போட்ட தட்டின் சத்தத்துக்குக் குந்திவிட்டான். பிறகு எழுந்து, தட்டை எடுத்துக் கொடுத்தான்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது சொன்னான்: "அக்கா, மீனாவையும் அவ அம்மாவையும் இங்க கூட்டிட்டு வா. ஆனா அவகிட்ட மொதல்ல கேளு. குழந்தைதானேன்னு கேக்காமத் தூக்கிட்டு வந்துடாத. அவ சரின்னு சொன்னாதான்."

வழியெல்லாம் எங்கள் ஊரை நினைத்துக்கொண்டேன். அங்கே அவன்மேல் எங்களுக்கு அன்பு இல்லாமலில்லை. கதவை மெதுவாகச் சாத்தினோம், பாத்திரத்தைத் துணியில் சுற்றி வைத்தோம், அவனுக்குத் தெரியாமல் கிசுகிசுவென்று பேசினோம். அவனிடம் நேராகப் போய், உனக்கு எப்படிச் செய்தால் சரியாக இருக்கும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, முப்பது வருஷம் அக்காவாக இருந்து.

திருச்சியில் இறங்கிக் கும்பகோணம் போகாமல் புதுக்கோட்டை பஸ் ஏறினேன். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த மீனாவின் முன்னால் உட்கார்ந்து, அவன் சொன்னபடியே கேட்டேன்: அப்பா இருக்கிற ஊருக்கு வருகிறாயா? இஷ்டமில்லாவிட்டால் வேண்டாம்.

அவள் தன் இடது கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். பிறகு, "வந்தா அப்பா என்னைத் தூக்குவாங்களா?" என்று கேட்டாள்.