பெரிய வயிற்று ஆக்சில்

செய்யூர்ப் பக்கத்துப் பூவராகவன், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கிளாஸை வாங்கிக்கொண்டு தன் பிக்கப் வண்டியைச் சுற்றி வருவான். டயரை உதைப்பான், ஒரு வாய் குடிப்பான், குனிந்து பின்னால் அடியில் பார்ப்பான், மறுபடி ஒரு வாய். டீ ஆறிப்போன பிறகுதான் தீரும்.

வேர்க்கடலை போடுகிற நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, பழைய பிக்கப் ஒன்றை வாங்கி முதலில் சவுக்குக் கட்டை ஏற்றினான். அப்புறம் கடற்கரை வேலை பிடித்துக்கொண்டது. மீன்பிடிக்கிற ஃபைபர் போட்டுகளைப் பட்டறையிலிருந்து கரைக்கும், கரையிலிருந்து ரிப்பேருக்கும் இழுத்துப் போகிற வேலை. அதற்கென்று இரும்பு ஆங்கிளை வெட்டிப் பற்றவைத்து டிரெய்லர் ஒன்றையும் அவனே செய்தான். முதலில் செய்ததற்குக் கழுத்து வளைந்துபோனது. இரண்டாவது நின்றது. கல்பாக்கத்திலிருந்து கோவளம் வரைக்கும் குப்பங்களில் அவனைத் தெரியும்.

அவனைத் தூங்கவிடாமல் செய்தது வண்டியின் பின் ஆக்சில். இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவே போகிற குழாய் அது. குழாயின் மத்தியில் உருண்டையாக ஒரு வயிறு. அந்த வயிற்றுக்குள் கிரவுன் என்கிற பெரிய பல்சக்கரம், அதைச் சுற்றவைக்கிற பினியன் என்கிற சின்னப் பல்சக்கரம். போட்டு இழுக்கத் தொடங்கிய பிறகு அங்கிருந்து மெல்லிசாக ஒரு முனகல் வந்தது. சாப்பிட உட்கார்ந்தாலும் அவன் காதில் அதுதான்.

"சோத்துலகூடவா கிரவுன் சத்தம் கேக்குது?" என்பாள் மனைவி விஜயகுமாரி. "தட்ட பாத்து துன்னு."

பாரம் ஏறினால் பின்பக்கம் தொங்கக்கூடாது என்று ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டிருந்தான். இப்போது தொங்கவில்லை. பார்க்கிறவர்கள், "இன்னாமா தாங்குது!" என்றார்கள். தாங்குவது பட்டைதான், ஆக்சில் முன்னே எவ்வளவு தாங்கியதோ அவ்வளவுதான் இப்போதும் தாங்கும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் நிம்மதி இல்லை.

ஐப்பசியில் ஒருநாள் செங்கல்பட்டு பைபாஸில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் வரதன் போன் செய்தான். "அண்ணாத்த, ஒடைச்ச வேன்ல இருந்து ஒரு ஆக்சில் வந்து கீது. வவுறு பாரு, பொங்கப் பானையாட்டம். ஓடியா."

பூவராகவன் ஓடினான். பானையேதான். குழாயும் ஒரு சுற்றுப் பெரிசு. சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தான்.

"மாட்டறதுக்கு முன்னாடி ஒருவாட்டி சுத்திப் பாத்துக்கலாமா?" என்றான் வரதன்.

அந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற சோதனை அது. ஆளுக்கு ஒரு பக்கம் நின்று, இரண்டு சக்கரத்தையும் சேர்த்து ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பினியன் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். எண்ணிக்கை கூடினால் இழுப்பு கூடும், ஓட்டம் குறையும். எண்ணிக்கை குறைந்தால் ஓட்டம் கூடும், இழுப்பு குறையும். வயிற்றின் அளவு சொல்வது எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை மட்டும். எவ்வளவு இழுக்கும் என்பதைப் பல்தான் சொல்லும். பூவராகவனே இதைப் பல பேருக்கு விளக்கியிருக்கிறான்.

"வவுற பாத்தா தெரியலயா? மாட்டு நைனா. கடல்ல காத்து எந்திரிக்கப் போவுதாம். போன் மேல போனு வந்துகினு கீது."

வரதன் தோளைக் குலுக்கிக்கொண்டு ஸ்பானரை எடுத்தான்.

மாட்டி முடித்து வெளியே எடுத்தபோது முனகல் போயிருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. பூவராகவனுக்கு வாயெல்லாம் பல். வழியில் நிறுத்தி டீ குடித்த இடத்திலெல்லாம் புது ஆக்சிலைப் பற்றிச் சொன்னான். ஆனால் டாப் கியரில் இஞ்சின் வழக்கத்தைவிட மெதுவாகச் சுற்றுகிற மாதிரி இருந்தது. காதில் விழுந்தது. அதை நினைக்க வேண்டாம் என்று ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினான்.

சதுரங்கப்பட்டினத்தில் அவன் இறங்கியபோது கடல் மண்ணைத் தின்ன ஆரம்பித்திருந்தது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று முந்தின நாளே மைக்கில் சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாப் போட்டையும் டிராக்டர் வைத்து மேலே இழுத்துவிட்டார்கள். தாமோதரனுடையது மட்டும் பாக்கி. அதற்குள் டிராக்டர் பக்கத்துக் குப்பத்தில் மணலில் புதைந்து நின்றுவிட்டது. பூவராகவன் முன்பே அங்கே விட்டுவைத்திருந்த டிரெய்லர்மேல் போட்டை எப்படியோ ஆட்கள் சேர்ந்து ஏற்றியிருந்தார்கள். அலை வந்து டிரெய்லர் சக்கரத்தைத் தொட்டுவிட்டுப் போனது.

"இன்னா மச்சான், இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? கடல் ஏறிச்சின்னா போட்டு கரச் செவுத்துல மோதி தூளாயிடும்," என்றான் தாமோதரன். அவனிடம் இருந்தது அந்த ஒரு போட்டுதான்.

பூவராகவன் டிரெய்லரை வண்டிக்குப் பின்னால் மாட்டினான். மணலில் தென்னை மட்டைகளைப் பரப்பினார்கள். முதல் கியர் போட்டு கிளட்ச்சை விட்டான். வண்டி ஒரு முழம் நகர்ந்தது. இஞ்சின் திணறி நின்றது.

மறுபடி போட்டான். மறுபடி நின்றது. மூன்றாவது தடவை கிளட்ச் கருகுகிற நாற்றம் வந்தது. சக்கரம் சும்மா சுற்றவுமில்லை, புதையவுமில்லை. இஞ்சினுக்குத்தான் தம் இல்லை.

தாமோதரனின் மனைவி பவானி மீன் கூடையை இடுப்பில் வைத்தபடி நின்றிருந்தாள். "இன்னா அண்ணாத்த, ஆக்சில் ஆக்சில்னு ரோடு பூரா சொல்லிகினு வந்தியாமே. அது எங்க, வூட்லயே வெச்சிட்டியா?"

அவன் இறங்கிக் குனிந்து அந்தப் பானை வயிற்றைப் பார்த்தான். வேன் ஆக்சில். ஆட்களை ஏற்றிக்கொண்டு வேகமாக ஓடுகிற வேன். அதற்கு ஓட்டத்துக்கான பல்லைத்தான் வைத்திருப்பார்கள். வேறு எதை வைப்பார்கள்? ஒரு சுற்று சுற்றிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அலை வந்தது. இந்த முறை டிரெய்லர் சக்கரத்தின் பாதிவரை ஏறியது.

"டிரெய்லர கயட்டு," என்று கத்தினான். "வண்டிய திருப்பறேன். முன்னாடி கொக்கில கயிறு கட்டு."

"வுட்டுட்டு ஓடப் பாக்கறியா?"

"ரிவர்ஸ்ல இழுக்கறேன் மச்சான். என் வண்டில முதல் கியர வுட ரிவர்ஸ்தான் இழுவ ஜாஸ்தி. கட்டு சீக்கிரம்!"

வண்டி திரும்பி மூக்கைக் கடல் பக்கம் வைத்து நின்றது. கயிறு விறைத்தது. ரிவர்ஸ் போட்டான். இஞ்சின் நிற்கவில்லை, உறுமியது. இப்போது சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே மணலைத் தோண்டியது. இறங்கி ஓடி, பின்டயர் இரண்டிலும் காற்றைப் பாதிக்குமேல் இறக்கினான்.

"பின்னாடி கனம் பத்தல. வலய ஏத்து! ஈர வல எல்லாத்தயும் ஏத்து. ஏறி உக்காருங்க எல்லாரும்."

"நல்லா கீதே கூத்து!" என்றாள் பவானி. "இழுக்கவே முடியல, இதுல நாங்க வேற ஏறணுமாம்." ஆனாலும் கூடையைக் கீழே வைத்துவிட்டு அவள்தான் முதலில் ஏறினாள்.

வலை ஏறியது, ஆட்கள் ஏறினார்கள். பழைய ஆக்சிலாக இருந்தால் இத்தனை கனத்தை அவன் ஏற்றத் துணிந்திருக்கமாட்டான். பானை வயிறு முனகாமல் தாங்கியது. மறுபடி ரிவர்ஸ் போட்டான். சக்கரம் ஒரு தடவை உதறி, தென்னை மட்டையைப் பிடித்தது. கயிறு கிறீச்சிட்டது. போட்டு அசைந்தது.

மேலே ஏறும்வரை அவன் முகம் போட்டையும் அதன் பின்னால் எழும்பி வருகிற கடலையும் பார்த்தபடியே இருந்தது. "வா, வா, லெஃப்ட்டுல ஒடி" என்று பின்னாலிருந்து பவானி கத்திய கத்தலை வைத்துத்தான் ஓட்டினான். சுவரில் விட்டிருந்த வழியாக அந்தப்பக்கத்துக் கெட்டித்தரைக்குப் போட்டு வந்து சேர்ந்தபோது, கீழே வைத்த கூடையை அலை கொண்டுபோயிருந்தது. தாமோதரன் போட்டின் மூக்கில் கையை வைத்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

யாரோ டீ கொண்டுவந்தார்கள். பூவராகவன் கிளாஸை வாங்கி, வண்டியை ஒரு சுற்று சுற்றி, குடிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினான்.

மறுநாள் காலை வரதனின் கடையில் வண்டி கட்டைகளின்மேல் நின்றது. இஞ்சின் பக்கத்திலிருந்து ஆக்சிலுக்கு வருகிற ராடைக் கழற்றிவிட்டு, பினியன் முனையில் வரதன் சாக்பீஸால் கோடு போட்டான். பழைய ஆக்சில் பக்கத்தில் கிடந்தது. அதன் பல் இந்த வயிற்றுக்குள் பொருந்தாது. இந்த வயிற்றுக்கு ஏற்ற இழுவைப் பல்லைத் தேட வேண்டும். தேடுவதற்கு முன், இப்போது உள்ளே இருப்பது என்ன என்று தெரிய வேண்டும். ஆளுக்கு ஒரு சக்கரத்தைப் பிடித்தார்கள்.

பூவராகவனின் போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டான். பவானி.

"அண்ணாத்த, போட்டு நின்ன எடத்துல மண்ணே இல்ல. பனமரம் உசரத்துக்குப் பள்ளம். அவரு காலைல இருந்து அங்கயே நின்னுகினு கீறாரு. போட்டுல அடியில கீறல் கீது, பட்டறைக்கு இஸ்துகினு போணும். எப்ப வர்ற? வர்றப்ப வண்டி மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கும்?"

"இரு, பேசாத," என்றான் பூவராகவன். கண் சாக்பீஸ் கோட்டிலிருந்து நகரவில்லை. "எண்ணிகினு கீறேன்."