பதினொரு வயிறும் ஒரு 'ஓம்'மும்

பதினொன்று. இந்த எண்ணை மறக்க வேண்டாம்.

கனடாவில், பிரெஞ்சு பேசும் மொன்றியலில் எப்போதோ மூடப்பட்ட பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரி ஒன்றின் பழைய பதிவேடுகளை ஸ்கேன் பண்ணுவது சிவமலரின் வேலை. நூறு வருடத்துக்கு முந்திய ஏடொன்றில், வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுக்கப்பட்ட பெண்கள் பதினொரு பேர். பிழைத்தவர்கள் ஏழு. பக்கத்தில் 'சம்மதம் தந்தவர்' என்றொரு நிரல். புருஷன், புருஷன், பாதிரியார், டாக்டர். விரலைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தாள். வெட்டுப்பட்டவள் ஒருத்தியின் பெயரும் அதில் இல்லை.

அவளுக்கும் சீசர்தான், தொண்ணூற்றாறில், இதே ஊரில் மகள் வினோஜா பிறந்தபோது. கையெழுத்து வைத்தது கணவர் கிருபானந்தன். "நீ கூப்பிட்டாய் எண்டுதானே என்னைக் கூட்டிக்கொண்டு போனவை" என்பார். தான் கூப்பிடவேயில்லை என்பது அவளுக்கு நிச்சயம். நல்ல நாள் பார்த்து இந்த மனிசன்தான் வெட்டச் சொல்லியிருக்கிறார் என்று இருபத்தொன்பது வருடம் சந்தேகப்பட்டாள்.

இப்போது வினோஜாவுக்கு எட்டு மாதம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, சீசர் வேண்டும் என்றார்கள்.

"நான் சொல்லுமட்டும் ஒரு தாளிலயும் கையெழுத்து வைக்காதை."

"அம்மா, உங்களுக்கு எல்லாரிலயும் சந்தேகம்."

"ஓம். அதாலதான் இன்னும் உயிரோட இருக்கிறன்."

தன்னுடைய பழைய பிரசவக் கோப்பைக் கேட்டு, வினோஜா பிறந்த ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டாள். மூன்று கிழமையில் வந்தது. நேர்ஸ் பிரெஞ்சில் எழுதிய குறிப்பு: 'ஆபரேஷனுக்குச் சம்மதமா என்று கேட்டேன். மூன்று தரமும் தன் ஆம்பிளையைக் கேட்டாள். கணவர் அழைக்கப்பட்டார்.'

"பச்சைப் பொய்" என்றாள் சிவமலர். "நான் ஆரையும் கேக்கேல்லை."

வினோஜா தாளை வாங்கிப் பார்த்தாள். "அப்ப என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டன். மூண்டு தரமும் ஓம் எண்டுதான் சொன்னன்."

வினோஜாவுக்கு வயிறு குலுங்கச் சிரிப்பு. "அம்மா, பிரெஞ்சில ஓம் எண்டால் ஆம்பிளை."

சோபாவிலிருந்து கிருபானந்தன் தலையைத் தூக்கினார். "பாத்தியே? இதுக்குத்தான் இவ்வளவு காலமும் எனக்குப் பேச்சு."

"பொறுங்கோ. தாளை நீட்டினவுடன கையெழுத்தை வைச்சிட்டியள். உள்ள வந்து என்னை ஒரு வார்த்தை கேட்டனீங்களே?"

அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

ஆபரேஷன் நாளில் நேர்ஸ் பேனையை மருமகன் ரதீசன் பக்கம் நீட்டினாள். சிவமலர் நடுவில் கையை விட்டு வாங்கி மகளிடம் கொடுத்தாள்.

"எல்லா வரியும் வாசி. விளங்காட்டிக் கேள். சம்மதமெண்டால் பிரெஞ்சில 'வீ' எண்டு சொல்லு. 'ஓம்' எண்டு மட்டும் வாயைத் திறந்திடாதை."

வினோஜா மூன்று பக்கமும் வாசித்தாள். நேர்ஸ் மணிக்கூட்டைப் பார்த்தாள். சிவமலர் நேர்ஸைப் பார்த்தாள்.

அந்தப் பழைய ஏட்டின் பதினொரு பேரில் தானே சம்மதம் தந்தவர்கள்: 0. இந்தத் தாளில் வினோஜாவின் கையெழுத்து: 1.