கல்லை முகர்கிறவர்

கல்லை முகர்ந்து பார்க்கிற ஒருவர்மேல் பொறாமைப்பட்ட முட்டாள் நான். காவிரிப் படுகையில் எண்ணெய் தேடும் ஜியாலஜிஸ்ட் அவர். நெய்வேலியில் எங்கள் எதிர் குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தார். ஒல்லியான உடம்பு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் லென்ஸ். எந்தக் கல்லைக் கொடுத்தாலும் முகர்ந்துவிட்டுத்தான் வாய் திறப்பார். ஒருநாள் எங்கள் வீட்டுக்குக் காபி குடிக்க வந்தவர், இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்த கதையைச் சொன்னார். என் மனைவி சமையலை மறந்து கேட்டாள்.

அவர் போனதும் என் பக்கம் திரும்பினாள். “முப்பது வருஷமா மைன்ஸுக்குப் போறீங்க. ஒரு கல்லைப் பத்தியாவது சொல்லியிருக்கீங்களா?”

மறுநாள் ஒரு மணற்கல்லை டீசலில் ஊறவைத்து, அவள் முன்னாலேயே அவரிடம் நீட்டினேன்.

“நம்ம தோட்டத்துல கிடைச்சுதுங்க. கீழ எண்ணெய் இருக்குமோ?”

கண்ணை மூடி நிதானமாக முகர்ந்தார்.

“எந்த பங்க் டீசல் சார்?”