எட்டு மாத வயிற்றோடு டொறீன் மிஸ்ஸி

பல்லேபொலப் பக்கத்தில் பதினொரு கிராமங்களுக்கு ஒரே மருத்துவமாது டொறீன் மிஸ்ஸிதான். வயல் வரம்பிலே வெள்ளைச் சேலையும் கறுப்புக் குடையும் தெரிந்தால், எந்த வீட்டுப் பெண்ணுக்கு நாள் நெருங்குகிறது என்று ஊர் கணக்குப் போட்டுக்கொள்ளும்.

கர்ப்பிணி வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் பார்ப்பது முகத்தையல்ல, காலைத்தான். கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்தி, ஐந்து வரை எண்ணிவிட்டு எடுப்பார். பள்ளம் விழுந்து அப்படியே நின்றால் காலில் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம்; அன்றைக்கு அந்த வீட்டு மாமியாருக்கு நல்ல பூசை கிடைக்கும்.

“இந்தப் புள்ள தண்ணி தூக்கக் கூடாது, நெல்லு குத்தக் கூடாது. பகல்ல ரெண்டு மணி நேரம் எடப்பக்கமாச் சாஞ்சு படுக்கணும். படுக்கலைன்னா நானே வந்து படுக்க வைப்பேன்” என்பார். சொன்னபடி வந்தும் நிற்பார்.

ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்து நாலில் அவருக்கே பிள்ளை உண்டானது. வயது முப்பத்தைந்து. கல்யாணமாகி ஒன்பது வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் பிள்ளை. ஊர் ஒரு கிழமை சந்தோஷப்பட்டது. அதற்குப் பிறகு மறந்துவிட்டது. மருத்துவமாதும் வயிறு கனக்கும் ஒரு பெண்தான் என்பது யாருக்கும் தோன்றவில்லை. எட்டாம் மாதத்திலும் அதே வரம்பில், பிரசவச் சாமான் பையோடு நடந்தார். பின்னிரவில் கதவைத் தட்டுவதும் நிற்கவில்லை.

கணவர் கிறிஸ்தோபருக்கு எல்கடுவத் தோட்டத்தில் கிளாக்கர் வேலை. சனிக்கிழமை பின்னேரம் வந்து ஞாயிற்றுக்கிழமை போவார். வரும்போதெல்லாம் லீவு போடு, லீவு போடு என்று கெஞ்சுவார்.

“இந்த மாசம் ஏழு பேருக்கு நாள் இருக்கு. அந்த ஏழு வயித்துல இருக்கிறதுக்கு யாரு லீவு குடுக்கிறது?” என்று அவர் வாயை அடைத்துவிடுவார் டொறீன். தன் இடத்துக்கு வேறு ஆள் கேட்டு மேலிடத்துக்கு எழுதியிருந்தார். இன்னும் யாரும் வரவில்லை.

உண்மையில் அவர் ஒரு மாதமாகத் தூங்கவில்லை. படுத்தால் நெஞ்சு எரிந்தது. புரண்டால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தபடியே விடியும்வரை இருப்பார். உட்கார்ந்தால் மனம் சும்மா இருக்குமா? ஒன்றும் அறியாத பெண்ணுக்கு ஒரு பயம்தான். பத்து வருஷம் பிரசவம் பார்த்தவருக்கோ, கைதவறிப் போன ஒவ்வொரு பிரசவமும் தனித்தனிப் பயம். இரண்டு நாளாகத் தலையும் வலித்தது. வெயில்தான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அன்று காலை பீபியின் வீட்டுக்குப் போனார். பீபிக்கு ஏழு பிள்ளைகள். அதில் ஐந்து பேர் டொறீனின் கையில் பிறந்தவர்கள். மூன்று மாதமான கடைக்குட்டியைப் பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தார். கதிரையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றியபோது, வாரின் தடம் பாதத்தில் ஆழமாகப் பதிந்திருந்தது. பீபி அதைக் கண்டுவிட்டார்.

“மிஸ்ஸி, காலைக் கொஞ்சம் நீட்டுங்க.”

“எதுக்கு ராத்தா?”

“நீட்டுங்கன்னா நீட்டுங்க. அஞ்சு புள்ளைக்கு என் காலை அமுத்துனீங்களே, நான் எதுக்குன்னு கேட்டேனா?”

பீபி தரையில் குந்தி, பெருவிரலால் அழுத்தி, வாய்விட்டு ஐந்து எண்ணினார். விரலை எடுத்தார். பள்ளம் அப்படியே நின்றது. இருவரும் அதையே பார்த்தார்கள்.

“நெறைய நடந்தேன், அதான்.”

“இதைத்தான் போன வருஷம் ஸரீனாவும் சொன்னா. நீங்க விட்டீங்களா? அவ மாமியாரை வாசல்ல நிக்க வச்சு ஏசினீங்க. இப்ப ஏசுறதுக்கு உங்களுக்கு மாமியாரும் இல்ல.” பீபியின் குரல் இறங்கியது. “தல வலிக்குதா?”

“கொஞ்சம்.”

“ராவுல தூங்குறீங்களா?”

எத்தனையோ பெண்களிடம் டொறீன் கேட்ட கேள்வி அது. அவரிடம் யாரும் கேட்டதில்லை. கண் நிறைந்தது.

முற்றத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்த கணவர் கலந்தரை பீபி சைக்கிளில் விரட்டினார். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக வாடகைக்கு ஹயர் கார் ஒன்று பிடித்து வரவேண்டும். பிறகு டொறீனைத் தன் கட்டிலில் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தார்.

“பையை அலமாரில வச்சுப் பூட்டிட்டேன். சாவி என் இடுப்புல இருக்கு. தேடாதீங்க.”

அடுத்த அறையில் பிள்ளைகளின் சண்டை, அடுப்படியில் பாத்திரச் சத்தம். தனிக் குவாட்டர்ஸில் வராத தூக்கம் அந்த இரைச்சலில் வந்தது.

அவரை எழுப்பியது காரின் சத்தமல்ல, வாசலில் மூச்சு வாங்கியபடி பேசிய பாறூக்கின் குரல். அந்த மாதம் நாள் இருந்த ஏழு பேரில் ஒருத்தியான றமீஸாவின் கணவர் அவர். “மிஸ்ஸி இங்கயா? றமீஸாவுக்கு வலி கண்டிருச்சு.”

“மிஸ்ஸி இல்ல” என்றார் பீபி, வாசலை மறித்துக்கொண்டு.

“எப்ப இருந்து?” என்று உள்ளேயிருந்து கேட்டது டொறீனின் குரல்.

“காலைல இருந்து விட்டுவிட்டு, மிஸ்ஸி.”

டொறீன் எழுந்து உட்கார்ந்தார். “ராத்தா, பையைக் குடுங்க.”

“தர மாட்டேன். வேணும்னா இடுப்புல கை வச்சு எடுங்க.”

டொறீன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். போனால் ராத்திரி முழுக்க அங்கேதான். தலை விண்விண்ணென்று தெறித்தது. இந்தக் கட்டிலில் வேறொரு பெண் இருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று நினைத்தார். யோசிக்கவே தேவையில்லாத பதில் அது. ஆனால் றமீஸாவைக் கைவிடவும் மனம் வரவில்லை.

“பாறூக், இப்ப கார் வந்துரும். அவளையும் அதே கார்ல ஏத்துங்க. ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

“வீட்டுலதான் பொறக்கணும்னு உம்மா…”

“உங்க உம்மாவை நான் பொறகு பாத்துக்கிறேன். ஏத்துங்க.”

காரின் பின் ஆசனத்தில் இரண்டு வயிறுகள், நடுவில் கைப்பிள்ளையோடு பீபி. அவரைத் தாண்டிக் கையை நீட்டி, றமீஸாவின் வயிற்றில் வைத்து, மணிக்கூட்டைப் பார்த்து வலியின் இடைவெளியை அளந்துகொண்டே வந்தார் டொறீன்.

“மிஸ்ஸி, நீங்க கூடவே நிப்பீங்கதானே?” என்றாள் றமீஸா.

ஆம் என்று சொல்லத்தான் வாய் போனது. “நிக்க மாட்டேன் புள்ள. நானும் பக்கத்துலதான் எங்கயாச்சும் படுத்திருப்பேன்” என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்ற தாதிக்கு அவரை நன்றாகத் தெரியும். பத்து வருஷமாக யாராவது ஒருத்தியின் கையைப் பிடித்தபடிதானே அந்த வாசலுக்கு வந்திருக்கிறார்.

“வாங்க மிஸ்ஸி. இந்தப் புள்ளயா இன்னைக்கி?”

டொறீன் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். வேறொருத்தியைப் பற்றிச் சொல்வது போலச் சொல்லத்தான் வந்தது. “ரெண்டு பேஷன்ட். மொதல்ல இவளை எடுங்க, மூணாவது புள்ள, வலி அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம். மத்தவளுக்கு முப்பத்தஞ்சு வயசு, மொத புள்ள, எட்டு மாசம். கால்ல பள்ளம் விழுது. ரெண்டு நாளாத் தலவலி. ஒரு மாசமாத் தூக்கம் இல்ல.”

“மத்தவ எங்க?” என்று காருக்குள் எட்டிப் பார்த்தார் தாதி.

“நான்தான்.”

தாதி குனிந்து அவருடைய காலைப் பார்த்தார். உள்ளே ஓடி ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். றமீஸாவுக்கென்று நினைத்து டொறீன் ஒதுங்கி வழிவிட்டார்.

“அந்தப் புள்ள நடப்பா. நீங்க உக்காருங்க.”

றமீஸாவுக்கு அன்று பின்னேரமே ஆண் பிள்ளை. டொறீன் மிஸ்ஸிக்கு மகள் பிறக்கப் பதினாறு நாள் ஆனது; அதுவரை அவரைக் கட்டிலை விட்டு இறங்க அங்கே யாரும் விடவில்லை. முதல் மூன்று நாளும் சாப்பாட்டு நேரம் தவிர அவர் தூங்கிக்கொண்டேதான் இருந்தார்.