பட்டியலில் பெரியம்மா இல்லை

எங்கள் கொம்பனி பெரியது. தலைமையகம் கொழும்பில், யாழ்ப்பாணக் கிளையில் நாங்கள் இருபது பேர். எந்தக் கூட்டத்திலும் முதல் வசனம் "நாங்கள் ஒரு குடும்பம்" என்பதுதான். ஒரு கதிரை மாற்றுவதற்கும் மூன்று பேரின் அனுமதி கேட்க வேண்டிய குடும்பம்.

ஆனாலும் குறை சொல்ல எனக்கு வாய் வராது. காரணம், அம்மாவின் மருத்துவ அட்டை. ஊழியரின் பெற்றோரும் தனியார் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கலாம் என்று கொம்பனி கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அம்மாவின் இருதயத்தைக் காட்டப் போனால் அதைத்தான் நீட்டுவோம். அம்மா அதைக் கைப்பையில் சுவாமிப் படத்தோடு வைத்திருந்தார். சுன்னாகம் சந்தையில் வெங்காயம் பொறுக்கும்போதும் "எங்கடை கொம்பனி" என்றுதான் கதைப்பார்.

பிறகு பெரியம்மா செத்துப்போனார். அம்மாவின் அக்கா. பிள்ளைகள் இல்லை, எங்களோடுதான் இருந்தார். கொள்ளி வைக்க என்னை விட்டால் ஆளில்லை. லீவு கேட்கக் கணினியைத் திறந்தேன். இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டது. பட்டியலில் நான்கே உறவுகள்: தந்தை, தாய், வாழ்க்கைத்துணை, பிள்ளை. கிளை முகாமையாளருக்குப் போன் எடுத்தேன்.

"அதிலை இருக்கிறதிலை ஒண்டைப் போட்டிட்டுப் போய் அலுவலைப் பாரும்," என்றார்.

"தாய்" என்று போட்டேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவே இல்லை. பின்னேரம் கொம்பனியின் மலர்வளையம் வந்தது. "எமது ஊழியரின் அன்புத் தாயாருக்கு" என்று அதில் எழுதியிருந்தது. சவப்பெட்டியின் பக்கத்தில் இருந்த அம்மா அதை வாசித்தார். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"அக்காவும் உனக்குத் தாய்தானே," என்று மட்டும் சொன்னார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தபின் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கவுண்டரில் இருந்த பெண்பிள்ளை அட்டையை இரண்டு தரம் போட்டுப் பார்த்தாள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணை, இவா இறந்திட்டா எண்டு காட்டுது."

அம்மாவிடம் மெஷின் பிழை என்றேன். வைத்தியரிடம் காட்டாமலே திரும்பினோம்.

மறுநாள் கிராம அலுவலரான விதானையாரிடம் போய், அம்மா உயிரோடு இருக்கிறார் என்று கடிதம் வாங்கினோம். பென்சன்காரரிடம் வருசாவருசம் கேட்பதுபோல, அட்டைக்காகக் கொம்பனி எங்களிடமும் இப்படியொரு கடிதம் கேட்கிறது என்று அம்மாவுக்குச் சொல்லியிருந்தேன். "என்னைப் பாத்தாத் தெரியேல்லையோ?" என்று அவர் விதானையாரைப் பகிடி பண்ணினார்.

கடிதத்தை முகாமையாளரின் மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"இதைக் கொழும்புக்கு அனுப்பினால் நீர் முதல் போட்டது பொய் எண்டு வரும். வேலையாலை நிப்பாட்டுவாங்கள்."

"நீங்கள்தானே போடச் சொன்னனீங்கள்?"

"நான் எழுத்திலை தந்தனானோ?" என்று கேட்டுவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பினார். "உம்மடை விருப்பம். யோசிச்சுச் செய்யும்."

யோசித்தேன். பிள்ளைகள் இருவரும் படிக்கிறார்கள். இந்த வயதில் எனக்கு வேறு யார் வேலை தருவார்கள்? கடிதத்தை எடுத்துவந்து என் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். அன்று முழுக்க எனக்கு என்னைப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை.

இப்போது அம்மாவை அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்குக் கூட்டிப்போகிறேன். விடிய வெள்ளனப் போனால்தான் நம்பர் கிடைக்கும். பெற்றோரின் அட்டைகளை எல்லோருக்கும் நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். போன கிழமை இருக்க வாங்கில் இடமில்லை. அம்மா சுவரோடு சாய்ந்து, நெஞ்சில் கைவைத்து மூச்சு வாங்கினார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அட்டையை நிப்பாட்டினாலும் உன்னை நிப்பாட்டேல்லைத்தானே," என்றார். "நல்ல கொம்பனி, தம்பி. உவங்களோடை சண்டைக்குப் போகாதை."

எட்டரைக்குள் நான் வேலையிடத்தில் கைரேகை வைக்க வேண்டும் என்பது அம்மாவுக்குத் தெரியும். நேரம் போகுது, வெளிக்கிடு என்று அவரே என்னை அனுப்பினார். நான் போனேன்.