அமுதவள்ளியின் ஜாகை

சாயங்காலம் கைகளில் ஒட்டிய வெள்ளைக் களிமண்ணைக் கழுவிக்கொண்டே, "சரிங்க, நான் ஜாகைக்குப் போயிட்டு வரேன்" என்பாள் அமுதவள்ளி. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனி ஒன்றில் அவளுக்கு பினிஷிங் வேலை. அச்சிலிருந்து எடுத்த பிள்ளையார்களின் ஓரப் பிசிறை பிளேடால் சீவி, ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். காதுமடல் உடைந்துவிட்டால் பிள்ளையாரிடமே மன்னிப்புக் கேட்பாள்.

பக்கத்தில் உட்காரும் ஆதிலட்சுமிக்கு அந்த ஜாகைதான் பொழுதுபோக்கு. "ஏண்டி, வூடுன்னு சொல்லிட்டா வாடக ஏத்திடுவாங்களா?"

"வூடு கம்மாபுரம் பக்கத்துல இருந்துச்சுக்கா. இது தங்குற எடம்."

நிலக்கரிச் சுரங்கத்துக்காக ஊரைக் காலி செய்து வந்து பல வருடங்களாகின்றன. வாடகை இடத்தில் அவள் பால்கூடக் காய்ச்சவில்லை. பித்தளைப் பாத்திரங்கள் இன்னும் சாக்கை விட்டு வெளியே வரவில்லை. வீடு எங்கே என்று யாராவது கேட்டால், பஸ் நிற்குமிடம், மாரியம்மன் கோயில், அதையடுத்த சந்து, பச்சைக் கதவு என்று அந்தப் பழைய வீட்டுக்கே வழி சொல்வாள். மகள் துர்காதேவியைப் பெண் பார்க்கத் திட்டக்குடியிலிருந்து கிளம்பியவர்கள் அப்படித்தான், தட்டும் பூவுமாக, வேனோடு சுரங்கத்தின் விளிம்பில் போய் நின்றார்கள். மாப்பிள்ளையின் தாய் சொர்ணாம்பாள் அதைச் சொல்லிச் சொல்லி இன்றும் சிரிப்பாள்.

மாப்பிள்ளை வீட்டில் நடந்த துர்காவின் வளைகாப்பு அன்று, பிரசவம் திட்டக்குடியிலேயே ஆகட்டும் என்று சொன்னவளும் அந்தச் சொர்ணாம்பாள்தான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சம்பந்திக்கு எதற்குச் சிரமம் என்ற நினைப்பு.

"ஒங்களுக்குத்தான் வூடு இல்லீங்களே. நீங்களேதான சொல்றீங்க."

அமுதவள்ளி புளிசாதத் தட்டைக் கீழே வைத்தாள். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்கு வருவதுதானே முறை? மகளைப் பார்த்தாள். கை நிறைய வளையலோடு, துணிப்பையை மடியில் வைத்து, ஜிப்பையும் இழுத்து மூடிவிட்டுக் காத்திருந்தாள் துர்கா.

"இருக்குதுங்க" என்றாள் அமுதவள்ளி. "அங்கதான் அழைச்சிட்டுப் போறேன்."

இருவரும் விருத்தாசலம் பஸ்ஸில் ஏறினார்கள். துர்கா தாயின் தோளில் சாய்ந்து தூங்கினாள்; அமுதவள்ளி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஆட்டோ ஜாகையின் முன் நின்றதும் துர்கா இறங்கி வாசலுக்கு நடந்தாள்.

"இரு. உள்ள வந்துடாத."

மகளை அங்கேயே நிறுத்திவிட்டு உள்ளே போன அமுதவள்ளி, மஞ்சள் குழைத்த கிண்ணத்தோடு திரும்பி வந்து நிலைப்படியின் முன் உட்கார்ந்தாள். முந்தானையால் தூசியை அழுத்தித் துடைத்தாள். துர்கா இடுப்பில் கையூன்றியபடி நின்றிருக்க, மஞ்சளில் தோய்த்த விரல்களால் படியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, இடைவெளியே விடாமல், மெதுவாகப் பூசத் தொடங்கினாள்.